பன்னிரண்டரைப் பங்கு

கச்சேரியில் எனக்குப் பிடிக்காத நேரம் ஒன்று உண்டு. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு வருகிற ஒரு மணித்தியாலம். சனம் கதிரைகளை விட்டு எழுந்து போய்விடும். கச்சான் கடைக்காரர் மிஞ்சியதைச் சாக்கில் கட்டுவார். மேடைக்கு முன்னால் தூங்கிப்போன பிள்ளைகளைத் தாய்மார் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஒக்டபாட் என்ற மின்னணு மேளம் வாசித்த தம்பி வயர்களைச் சுற்றிக்கொண்டிருப்பான். ஒரேயொருவர் மட்டும் மடப்பள்ளிப் பக்கமாகப் போய், அன்றைய திருவிழாச் செலவைப் பொறுத்த உபயகாரரோடு கதைத்துக்கொண்டு நிற்பார். அவர் திரும்பி வரும்போது சேட்டுப் பை புடைத்திருக்கிறதா என்று நாங்கள் எல்லோரும், பார்க்காதவர்கள் போல, பார்த்துக்கொண்டு நிற்போம்.

நான் மேடையில் பாடத் தொடங்கி 22 வருடங்களாகின்றன. முதல் 19 வருடங்களில் ஒருநாள்கூட, எங்கள் கோஷ்டிக்கு மொத்தமாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்ததில்லை. கையில் ஒரு கடித உறை வரும். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுத்தான் பிரிப்பேன். சில இடங்களில் உறைக்குப் பதிலாகச் சேலை. "தங்கச்சிக்கு நல்ல சேலையாகப் பார்த்து எடுத்தோம்" என்பார்கள். ஆண் பாடகருக்கு யாரும் வேட்டி கொடுத்துக் கணக்கை முடித்ததை நான் கண்டதில்லை.

பாட்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் இசையை மட்டும் நம்பிச் சீவிக்கிறவர்கள் மிகக் குறைவு. எங்கள் ஓர்கன்காரத் தம்பி பகலில் கைத்தொலைபேசி திருத்துகிறான். தபேலா வாசிக்கும் அண்ணை இரணைமடுத் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கர் வயல் செய்கிறார். நான் வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கிறேன். காலபோக வெட்டு முடிந்து, நெல் விற்ற காசு கைகளில் புழங்கத் தொடங்கும் பங்குனியில்தான் எங்கள் காலமும் தொடங்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். அதன் பிறகு கோயில் கோயிலாகத் திருவிழா, நடுவில் கலியாண வீடுகள், சாமத்திய வீடுகள். ஆவணியோடு தளரும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மேடை இல்லை. மைக் பெட்டிக்குள் சிலந்தி குடியேறும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாது என்று ஆகிவிட்டால் அந்த வருடம் கலியாணங்கள் சுருங்கும், எங்கள் உறையும் மெலியும். குளத்தின் நீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்தே அடுத்த பருவத்தில் எத்தனை மேடை வரும் என்று தபேலா அண்ணை சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எனக்குக் கணக்குப் பைத்தியம் வந்தது அப்பாவிடமிருந்து. அவர் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சங்கக்கடையின் முகாமையாளராக இருந்தார். கூட்டுறவுப் பரீட்சைக்குப் படித்த பாடங்களை எங்களுக்கு இராத்திரிக் கதையாகச் சொல்வார். 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்த கதை எனக்கு இராமாயணத்துக்கு முன்னரே தெரியும். வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி. அவ்வளவுதான் அந்தக் கடையில் இருந்த சாமான். பங்கு எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதைச் சொல்லும்போது அப்பா ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவார்.

இன்னொன்றும் சொல்வார். கணக்குக் கொப்பியில் அழிறப்பர் படவே கூடாது. பிழை விட்டால் அதன் மேல் ஒரேயொரு கோடு, பிழையும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான தொகை. அதன் பக்கத்தில் சம்பந்தப்பட்ட இரண்டு பேரின் கையெழுத்து. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் செட்டிகுளம் முகாமுக்கு வந்தபோது அப்பாவின் பையில் சங்கக்கடையின் கடன் கொப்பி இருந்தது. கடை இல்லை, சங்கம் இல்லை, கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர் அந்தக் கொப்பியைக் கூடாரத்துக்குள் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தார். அம்மாவுக்கு அது பெரிய கோபம். அரிசி கொண்டுவரக்கூடிய இடத்தில் கொப்பியைக் கொண்டுவந்தாராம்.

2022 ஆடியும் ஆவணியும் யாருக்கும் மறக்காது. மின்வெட்டு, பெற்றோல் வரிசை, கியூஆர் அட்டை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலம். ஆனால் சாமிக்குத் திருவிழா நிற்காது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். எங்கள் பெட்டிகளை ஏற்றுகிற பட்டா என்ற சின்ன லொறிக்கு எரிபொருள் இல்லை. ஒரு விவசாயி டீசல் சேமித்து வைத்திருந்தார். அவருடைய லான்ட்மாஸ்டரில், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில், ஒலிபெருக்கிப் பொக்ஸ்களின் மேலே நாங்கள் ஏறி உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது விடியப்புறம் இரண்டு மணி. யானை நிற்கிற பாதை என்பதால் யாரும் கதைக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது ஆளுக்கு 800 ரூபா கிடைத்தது.

சவுண்ட் செற் வாடகை, ஜெனரேட்டர், டீசல் எல்லாம் போக மிஞ்சியது அதுதான். சவுண்ட் செற்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அந்தப் பெட்டிகளுக்காக வாங்கிய கடனுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அன்று தபேலா அண்ணை ஒரு வசனம் சொன்னார். "தங்கச்சி, கோயிலுக்குக் கதிரை வாடகைக்குக் கொடுத்த மாதர் சங்கம் இன்றைக்கு எங்களைவிடக் கூட உழைத்திருக்கிறது."

உண்மைதான். வன்னியில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கதிரை இருக்கும், கிடாரம் இருக்கும், தகரப் பந்தல் இருக்கும். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வாங்கியவை. இரவு முழுவதும் பாடிய 11 பேரிடம் சொந்தமாக ஒரு மைக் தாங்கிகூட இல்லை. கதிரை சம்பாதித்தது, குரல் சம்பாதிக்கவில்லை.

அடுத்த போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், எங்கள் வீட்டு முற்றத்துப் பாலை மரத்தடியில் கூடினோம். சொந்தமாகச் சாமான் வாங்குவது, வருவதை எல்லோருக்கும் தெரியப் பிரிப்பது என்ற இரண்டு விடயங்கள்தான். முதலாவது பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது மூன்று போயாக்கள் எடுத்தது.

எல்லோருக்கும் சமமாகப் பிரிப்போம் என்று நான் சொன்னேன். அப்பாவின் ஒற்றை விரல் மனதில் நின்றது. ஓர்கன் தம்பி மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நீங்கள் மேடைக்குக் குரலைக் கொண்டுவருகிறீர்கள். நான் பல இலட்சம் ரூபாச் சாமானைக் கொண்டுவருகிறேன். அது விழுந்து உடைந்தால் நீங்கள் எல்லோரும் சமமாக அழுவீர்களா?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை.

பதில் மத்தளக்கார அண்ணையிடமிருந்து வந்தது. அவர் முல்லைத்தீவுக் கரையோரம் பிறந்தவர், இளவயதில் கடலுக்குப் போனவர். வள்ளத்தில் எப்படிப் பிரிப்போம் என்று மண்ணில் ஈர்க்கால் கீறிக் காட்டினார். செலவைக் கழித்த பிறகு வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, இயந்திரத்துக்குப் பங்கு, அதன் பிறகு ஆளுக்குப் பங்கு. வள்ளக்காரன் கடலுக்கு வந்தால் அவனுக்கு வள்ளத்தின் பங்கும் உண்டு, ஆளின் பங்கும் உண்டு. வராவிட்டால் வள்ளத்தின் பங்கு மட்டும். அண்ணை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த விடையை அவர் நண்டுப் பொந்துகளுக்கு நடுவில் படித்திருந்தார்.

அப்படித்தான் பன்னிரண்டரை வந்தது. ஆட்கள் 11. ஓர்கனுக்கு அரை. பொது நிதிக்கு ஒன்று. ஒரு மேடைக்கு 75,000 வந்து, போக்குவரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் 12,500 போனால், மிச்சம் 62,500. பங்குக்கு 5,000. நான்காம் வகுப்புப் பிள்ளைகூடச் சரிபார்க்கலாம். தபேலாவுக்குத் தோல் மாற்றுவது, கிற்றார் கம்பி எல்லாம் பொது நிதியிலிருந்து. பெண்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிற செலவு பிரிக்க முன்னரே கழிக்கப்பட வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. அதற்கு முன் அது என் உறையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

எங்கள் முன்னணிப் பாடகர் இரண்டு பங்கு கேட்டார். சனம் தன்னைப் பார்க்கத்தான் வருகிறது என்றார். அதுவும் பொய்யில்லை. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் போய்விட்டார். நல்ல குரல். இப்போதும் நல்ல குரல்தான். அவருக்குப் பதிலாக வந்த பையன் இன்னும் சுருதிக்கு மேலேதான் நிற்கிறான், ஆனால் பெட்டி தூக்குவான்.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். பிறகுதான் வாசித்தேன். 1882இல் பேர்லினில் பில்சே என்ற இசை நடத்துநரின் வாத்தியக் குழுவில் இருந்த 54 பேர் பிரிந்து போய்ச் சொந்தமாகக் குழு அமைத்தார்கள். வார்சோவில் கச்சேரிக்கு அவர்களை நான்காம் வகுப்பு இரயில் பெட்டியில் ஏற்றப் பார்த்ததுதான் கடைசித் துரும்பு என்று சொல்வார்கள். அந்தக் குழுதான் இன்றைய பேர்லின் பில்ஹார்மொனிக். இன்றைக்கும் தங்கள் தலைமை நடத்துநரை வாத்தியக்காரர்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். இலண்டன் சிம்பொனி 1904இல் இதே மாதிரிப் பிரிந்து வந்த கூட்டம். தபேலா அண்ணையிடம் சொன்னேன். அவர்களுக்கு நாலாம் வகுப்புப் பெட்டி, எங்களுக்கு லான்ட்மாஸ்டர் பெட்டி என்று சிரித்தார்.

பொது நிதிக்கு நாங்கள் வைத்த பெட்டகம் ஒரு பழைய பால்மா ரின். இப்போது வங்கிக் கணக்கு இருந்தாலும் பெயர் ரின்தான். அதன் முதல் வேலை சாமான் வாங்குவது. பழைய மிக்சர் ஒன்று, இரண்டு பொக்ஸ், ஒரு ஜெனரேட்டர். ஒன்றரை வருடம் எடுத்தது. இரண்டாவது வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைச் சொல்லித் தந்தது பெல்ஜியத்தில் இருக்கும் என் மச்சாள்.

அங்கே ஸ்மார்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 1998இல் கலைஞர்களுக்காகத் தொடங்கி, பின்னர் கூட்டுறவாக மாறியது. ஒரு பாடகி எங்கேயாவது பாடினால் அதற்கான சிட்டையை ஸ்மார்ட் எழுதுகிறது. தொகையில் 6.5 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. பாடவைத்தவர் காசு கொடுத்தாலும் இழுத்தடித்தாலும் பாடகிக்குக் குறித்த நாளில் சம்பளம் போய்விடும். அதற்கென்று எல்லோருடைய வீதத்திலிருந்தும் சேர்த்த உத்தரவாத நிதி ஒன்று இருக்கிறது. கடனைத் துரத்துவது அமைப்பின் தலைவலி. மச்சாள் இதைத் தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 19 வருடங்களாக "அடுத்த கிழமை தருகிறோம்" என்ற வசனத்தை எத்தனை வாசலில் கேட்டிருப்பேன்!

ஆகவே எங்கள் ரின்னும் அதைச் செய்யத் தொடங்கியது. உபயகாரர் பிந்தினால், மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லோருக்கும் ரின்னிலிருந்து பங்கு போகும். துரத்துவது பொருளாளரின் வேலை. பொருளாளர் நான்.

எட்டு மாதம் பெரிய வெற்றி. ஒன்பதாவது மாதம் ரின் காலியானது. வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் மகளுக்குச் சாமத்திய வீடு செய்தவர்கள். ஹெலிகொப்டர் மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. முற்பணம் சிறியது, மிச்சத்தைப் போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். நான் ரின்னிலிருந்து எல்லோருக்கும் கொடுத்தேன். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வட்ஸ்அப்பில் என் இலக்கத்தைத் தடுத்தார்கள். அந்தக் காசு இன்றுவரை வரவில்லை. கூட்டத்தில் நான் தலை குனிந்து கொப்பியைத் திறந்தபோது யாரும் என்னை ஏசவில்லை, அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. அன்றிலிருந்து பாதித் தொகை கைக்கு வராமல் மைக்கைப் பொருத்துவதில்லை. பெல்ஜியத்தில் பின்னால் ஒரு நீதிமன்றம் நிற்கிறது. எங்களுக்குப் பின்னால் ஒரு பாலை மரம்தான் நிற்கிறது.

இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் வெட்கமானது. நாங்கள் பெரிய இசை நிறுவனங்களுக்கு வெளியே இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். எந்த நிறுவனமும் எங்களோடு ஒப்பந்தம் செய்ததில்லை, அது சரி. ஆனால் எங்கள் மேடையில் பாடப்படும் பத்துப் பாட்டில் எட்டு, சென்னையில் ஏதோவொரு நிறுவனத்துக்குச் சொந்தமான சினிமாப் பாட்டு. சனம் அதைத்தான் கேட்கிறது. ஈழத்துப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று எழுதிச் சீட்டு வந்தால் அது பெரும்பாலும் நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே" ஆக இருக்கும். அது என் அம்மாவின் இளமைக்காலப் பாட்டு. எங்கள் கச்சேரியைக் காணொளியாக்கி யூடியூப்பில் போட்டால், சில நிமிடங்களிலேயே உரிமை கோரி அறிவித்தல் வந்துவிடும். பாடியவர் நாங்கள், வாசித்தவர் நாங்கள், விளம்பரக் காசு சென்னைக்கு. சட்டப்படி அதில் பிழை சொல்ல முடியாது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் படைத்தவரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 70 வருடங்களுக்கும் உரிமை கொடுக்கிறது. பாட்டை ஆக்கியவன் சாப்பிட வேண்டும் என்று நான்தானே எல்லா இடமும் சண்டை பிடிக்கிறேன்.

சொந்தப் பாட்டு என்று எங்களிடம் இருந்தது இறுவட்டுப் பாட்டு, அதாவது சீடிப் பாட்டு. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு இறுவட்டு உண்டு. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் செலவைப் பொறுப்பார். அம்மன் மேல் எட்டுப் பாட்டு, ஒரு வெளியீட்டு விழா, முதல் பிரதி, சிறப்புப் பிரதி, பாடியவர்களுக்குப் பொன்னாடை. என்னிடம் இருக்கும் பொன்னாடைகளைத் தைத்தால் எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் திரை போடலாம். ஒருதரம் நான் உண்மையிலேயே அளந்து பார்த்தேன். வன்னியில் எல்லோரும் குரலை அறிந்த எஸ். ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியில் மறைந்த செய்தி வந்தபோது ஓர்கன் தம்பி கேட்டான்: "அக்கா, இவ்வளவு பாட்டுக்கும் அவருக்கு மாதம் எவ்வளவு வந்திருக்கும்?" பக்கத்தில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை.

1965இல் சிக்காகோவில் கறுப்பின இசைக்கலைஞர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். மேடைகளைத் தாங்களே ஒழுங்கு செய்வது, அங்கே தங்கள் சொந்த ஆக்கங்களையே வாசிப்பது என்பது அவர்களின் வழி. அந்தச் சங்கம் இன்னும் இருக்கிறது. இதைப் படித்த உற்சாகத்தில் ஒரு மேடைக்கு இரண்டு சொந்தப் பாட்டு என்று விதி கொண்டுவந்தேன். முதல் சொந்தப் பாட்டு தொடங்கியதும் சனம் தேநீர் குடிக்க எழும்பியது. தேநீர்க்கடைக்காரர் மட்டும் நன்றி சொன்னார். விதியை ஒன்றாகக் குறைத்தோம், ஆனால் எடுத்துவிடவில்லை.

நான்கு பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினோம். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021இல். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குச் சதம் கிடையாது என்று விதி. எங்கள் நான்கும் ஆயிரத்தை எட்டிப் பார்க்கவில்லை. இலண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி பாண்ட்காம்ப்பில் ஒரு பக்கம் திறந்து தந்தான். கேட்பவர் நேரடியாகக் காசு கொடுக்கலாம், தளம் 15 வீதம் எடுக்கும், நேர்மையான இடம். ஆனால் காசு பேபால் வழியாகத்தான் வரும். இலங்கையில் இருக்கிறவர் பேபாலில் காசு அனுப்பலாம், பெற முடியாது. ஆகவே தம்பியின் கணக்குக்குப் போய், அவன் ஊருக்கு அனுப்பும் காசோடு சேர்ந்து வர வேண்டும். இதற்கிடையில் பாண்ட்காம்ப் நிறுவனமே 2022இல் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்துக்கும், 2023இல் ஓர் இசை உரிம நிறுவனத்துக்கும் கைமாறியது. இரண்டாவது கைமாற்றத்தோடு ஊழியரில் பாதிப்பேரை நிறுத்திவிட்டார்கள். நேர்மையான இடம்தான். ஆனால் வள்ளம் வேறொருவருடையது.

யூடியூப்பில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். ஆயிரம் பேரை உறவினர்களைத் தொந்தரவு செய்தே பிடித்தேன். மணித்தியாலம்தான் மலை. நான்கு நிமிடப் பாட்டென்றால் 60,000 தடவை முழுதாகப் பார்க்கப்பட வேண்டும்.

அதைக் கூத்து தூக்கிவிட்டது. ஒருமுறை முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஒன்றை விடிய விடிய ஆடினார்கள். எங்கள் சவுண்ட் செற்தான் போனது, எங்கள் மத்தள அண்ணைதான் மத்தளம். ஓர்கன் தம்பி இரண்டு கைத்தொலைபேசிகளைத் தடியில் கட்டி, மிக்சரிலிருந்து ஒலியை எடுத்து முழுவதையும் பதிவு செய்தான். மேடையின் வலப்பக்க மூலை, மத்தளம் இருந்த மூலை, படத்தில் விழவில்லை. ஏழு மணித்தியாலத்தையும் நான்கு பகுதியாக ஏற்றினோம். யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பார்த்தார்கள். ரொறன்ரோவில் பனி கொட்டும் பகலில் தனியாக இருக்கும் அம்மம்மாக்கள், கண்ணகி சிலம்போடு பாண்டியன் சபைக்குப் போகும்வரை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். சமைக்கும்போதும் ஓடியது, தூங்கும்போதும் ஓடியிருக்கும். முழுக் கூத்தையும் பார்க்க 572 பேர் போதும், நாலாயிரம் நிறைந்துவிடும். யாரும் உரிமை கோரவில்லை. கோர யாரும் இல்லை. அந்தப் பாட்டுகளை ஆக்கியவர் யார் என்று கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்கே தெரியாது, அவருடைய தாத்தாவின் அண்ணாவியாருக்கும் தெரிந்திருக்காது. எங்களிடம் இருந்தவற்றிலேயே மிகப் பழையதுதான் எவனுடைய கையும் படாமல் இருந்தது. நான் இளவயதில் கூத்து என்றால் கொட்டாவி விட்டவள் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதி செய்ய ஓர் இலக்கத்தை யூடியூப்காரர் தபாலில் அனுப்புவார்கள். தபால்காரர் அந்த உறையைக் கொண்டுவந்து, வெளிநாட்டுக் கடிதம் என்று சைக்கிளிலிருந்து இறங்காமலேயே சத்தம் போட்டார். ஊர் முழுக்க எனக்கு விசா வந்துவிட்டதாகக் கதை. நூறு டொலரைத் தாண்டியதும் வங்கிக்கு வந்தது. விளம்பரத்தில் வருவதில் 55 வீதம்தான் எங்களுக்கு, மிச்சம் நிறுவனத்துக்கு. ரூபாவில் முப்பதாயிரம். நாங்கள் இன்னும் பதிவு செய்யாத கூட்டம், வங்கிக் கணக்கு என் பெயரில். அதனால் வந்த அன்றே கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். கூத்தாடியவர், அண்ணாவியார், மத்தளம், சல்லரி, பதிவு செய்தவர் எல்லோரும் சேர்ந்து 24. ரின்னுக்கு ஒன்று. பங்குக்கு 1,200 ரூபா.

மத்தள அண்ணை அதற்கு முந்தைய வருடம் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். அவருடைய பங்கை என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒரே நிமிடக் கதைதான். அவர் பெயரில் ஒரு பக்கம் திறப்பது, வாசிப்பு ஓடுகிறவரை அவருடைய மனைவியான அக்காவுக்குக் கொடுப்பது. நானும் வயர் சுற்றும் ஒக்டபாட் தம்பியும் மோட்டார் சைக்கிளில் போனோம். அக்கா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். காசை எண்ணிப் பார்த்தார், இது எதற்கு என்று கேட்டார். கைத்தொலைபேசியில் கூத்தைப் போட்டுக் காட்டினேன். குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மத்தளத்தைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. மூன்றாம் பகுதிக்குத் தள்ளியபோது கண்ணைத் திறந்தார்.

"இது அவர் இல்லை, தங்கச்சி."

நான் விளங்காமல் பார்த்தேன். அன்றைக்கு நடுச்சாமத்துக்குப் பிறகு நெஞ்சு நோகிறது என்று இறங்கிப் பின்னால் வந்து பாயில் படுத்துவிட்டார் என்றார் அக்கா. தானே தண்ணீர் சுடவைத்துக் கொடுத்தாராம். அங்கிருந்து விடியும்வரை வாசித்தது யார் என்று நான் கேட்கவில்லை. அக்கா எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். ஒக்டபாட் தம்பி நெல்லைக் கொத்த வந்த கோழியைத் துரத்துகிறவன் போலத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தான்.

"நீ ஏனடா சொல்லவில்லை?"

"அண்ணையின் வீட்டுக்குப் போகட்டும் என்று இருந்தேன், அக்கா."

அக்கா 600 ரூபாவை எண்ணி நெல்லின் மேல் வைத்தார். நான் மடியில் கொப்பியை விரித்து, 1,200 என்ற இலக்கத்தின் மேல் ஒரு கோடு கீறினேன். பக்கத்தில் 600, அதன் கீழ் இன்னொரு பெயர், இன்னொரு 600. அக்கா பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்து வைத்தார். தம்பி அசையவில்லை.

"வந்து கையெழுத்தைப் போடு, தம்பி. கோழியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தான்.